ஆட்டுக்கால் சூப்பும் கிட்னி மாத்திரையும்: நாள்பட்ட சீக்குள்ள நாய்க்கு இரண்டு வைத்தியமும் சேருமா?

கேட்டவரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஆகும். பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீடு. ப்ரூனோ என்கிற ஆண் லேப்ரடார், வயது 11, எடை 38 கிலோ. பின்னங்கால் இரண்டிலும் மூட்டுத் தேய்மானம். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.1. டாக்டர் வலிக்கு ஒரு மாத்திரையும், சிறுநீரகத்துக்கென்று உள்ள பாக்கெட் உணவும் எழுதித் தந்திருக்கிறார். மாமனார் தெரிந்த நாட்டு வைத்தியரிடம் ஒரு பொடி வாங்கி வந்து, “இங்கிலீஷ் மருந்து கிட்னியக் கெடுத்துப்போடும் கண்ணு, நிறுத்திப்போடு” என்கிறார். கூடவே தினமும் ஆட்டுக்கால் சூப்பு நடக்கிறது. இரண்டு வைத்தியத்தையும் சேர்த்துச் செய்யலாமா என்பது கேள்வி.

செய்யலாம் அம்மணி. ஆனால் சேர்ப்பது என்றால் காலையில் அந்த மாத்திரை, பொழுதோட இந்தப் பொடி என்பதல்ல. நாய்க்குள் போகிற ஒவ்வொன்றும் ஒரே ஒரு டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது முடியாதென்றால் ஏதாவது ஒரு வைத்தியத்தோடு நிற்பதே மேல். உங்கள் விஷயத்தில் என் பதில்: சூப்பை இன்றைக்கே நிறுத்துங்கள். பொடியை இன்னும் தொடங்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மருந்தில்லாத வைத்தியம் நிறைய இருக்கிறது, அதை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

நான் நாட்டு வைத்தியத்தை நம்பாதவன் அல்ல. கோபி, அந்தியூர் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவன். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசச் சொல்லி, அது நன்றாகக் கேட்டதைக் கட்டுத்தரையிலேயே நின்று பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பரப்பிய முறை அது. தேசிய பால்வள வாரியமும் எடுத்துக்கொண்டது. பாட்டி வைத்தியம் என்று தள்ளுவதற்கில்லை.

சிக்கல் எங்கே என்றால், நம்ம பக்கத்து நாட்டு வைத்தியம் பண்டம்பாடியைச் சுற்றி வளர்ந்தது. மாடு, எருமை, ஆடு. நாயைத் தோட்டத்துக் காவலுக்கு வைத்திருந்தோமே தவிர, 11 வயது வரை வளர்த்து அதன் கிட்னிக்கு வைத்தியம் பார்க்கிற வழக்கம் நம் அப்பாருகளுக்கு இல்லை. ஆகவே நாய்க்கென்று சொல்லப்படுகிற பல மருந்துகள் மாட்டு மருந்தைக் குறைத்துக் கொடுப்பதுதான். தோல் கழலை நோய் வந்தபோது எல்லோரும் மாடுகளுக்குக் கொடுத்த உருண்டை நினைவிருக்கும்: வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம். அதற்கடுத்த முறையில் பூண்டும் சின்ன வெங்காயமும் சேரும். 350 கிலோ மாட்டுக்கு நாலு சின்ன வெங்காயம் ஒன்றும் செய்யாது. நாய்க்கு அப்படியல்ல. வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். நாய்க்குக் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம், பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரிகிறது. வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறமாக வந்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கு உறைக்கும்.

இப்போது உங்கள் ஆட்டுக்கால் சூப்புக்கு வருகிறேன். நம் வீட்டுச் சூப்பு எப்படி? கால் நாலையும் வாட்டி, ஒரு கை சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, பூண்டு, மிளகு, சீரகம், கல்லுப்பு. “வெங்காயத்தை வடிச்சிட்டுத் தண்ணிய மட்டுந்தானுங்க ஊத்தறோம்” என்பார்கள். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது என்று நம்பித்தானே சூப்பு வைக்கிறோம். அந்தக் கந்தகமும் அதே தண்ணீரில்தான் இறங்குகிறது. அதற்கு மேல் உப்பு. எலும்போடு ஒட்டி வருகிற சதையில் பாஸ்பரஸ். கிட்னி தளர்ந்த நாய்க்கு முதலில் குறைக்க வேண்டியவையே இந்த இரண்டும். மூட்டுக்குள் பசை ஊறும் என்ற நம்பிக்கைக்கு நாயிடம் உருப்படியான சான்றும் இல்லை. அப்படியே ஒரு வார்த்தை: ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய பள்ளிபாளையம் சிக்கனை நாய்க்கு வைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் பாதி சின்ன வெங்காயம்.

இனி கிரியேட்டினின். சிறுநீரக வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் இந்த எண் அளவு தாண்டி ஏறும். உலகமெங்கும் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் பகுப்பில், நாய்க்கு 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை. ஆக, ப்ரூனோ இரண்டாம் நிலையில் இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதற்குக் காரணம், ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது. தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலே எண் ஏறும். சில வாரம் விட்டு மறுபடி ரத்தம், கூடவே சிறுநீரின் அடர்த்தி, சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, இத்தனையும் பார்க்க வேண்டும். ஊரில் இந்த வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985 முதல் இயங்குகிறது. திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்தவர்களுக்கு 2020-ல் தொடங்கிய உடுமலைக் கல்லூரி கிட்டத்தில். இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல் எப்போதாவது வந்ததா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நம் ஊரில் எர்லிக்கியா கிருமி பல மாதம் உள்ளேயே தங்கிக் கிட்னியைத் தின்பது சாதாரணம். அப்படியிருந்தால் அதற்கு வேண்டியது நான்கு வாரம் டாக்சிசைக்ளின். பப்பாளி இலைச்சாறு அந்தக் கிருமியைத் தொடாது.

மாமனார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். மூட்டுவலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெலாக்சிகாம் வகை மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. கிட்னி தளர்ந்த நாய்க்கு டாக்டர்கள் அளவைக் குறைத்து, தண்ணீர் நன்றாகக் குடிக்கிறதா என்று பார்த்து, இடையிடையே ரத்தம் எடுத்துத்தான் கொடுப்பார்கள். அல்லது காபாபென்டின் போல வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். ‘கிட்னி ரிப்போர்ட் வந்த பிறகும் இதே மாத்திரை, இதே அளவுதானா?’ என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரானால் டாக்டரை மாற்றுங்கள். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் மட்டும் ஒருக்காலும் கூடாது. நாய்க்குக் குடல் புண்ணாகி ரத்தம் போகும், கிட்னி ஒரேயடியாக நிற்கும். (இதே டைக்ளோஃபினாக் கழுகுகளைக் கொன்றதால்தான் 2006-ல் கால்நடைகளுக்குத் தடைசெய்தார்கள். சத்தியமங்கலத்துக்கு மேலே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்காகவாவது அதைக் கட்டுத்தரைப் பக்கம் கொண்டு வராதீர்கள்.)

பொடி விஷயத்தில்தான் எனக்கு உண்மையான பயம். அதில் என்ன இருக்கிறது என்று வைத்தியர் சொன்னாரா? ‘பதினெட்டு மூலிகை’ என்பது பதில் ஆகாது. மனிதர்களுக்கான மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. ஈயம், பாதரசமும் அப்படியே: 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. எழவே முடியாத நாய் பொடி கொடுத்த இரண்டாம் நாளே எழுந்து ஓடி, அண்டா அண்டாவாகத் தண்ணீர் குடித்து, எந்நேரமும் பசியென்று நின்றால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் ஸ்டீராய்டுதான். அதோடு டாக்டர் கொடுத்த வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பை ஓட்டையாகும் அளவுக்குப் புண் வரும். வைத்தியர் மேலும் டாக்டர் மேலும் தனித்தனியாகக் குற்றமே இல்லாமல், இரண்டும் சேர்ந்ததால் நாய் செத்துப்போகும். பல வாரமாகக் கொடுத்த பொடியைப் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஸ்டீராய்டுக்குப் பழகிய உடம்பு மயங்கி விழும். ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

மஞ்சள் கொடுக்கலாமா என்று அடுத்து வரும், ஈரோட்டுக்காரர்களிடம் வராமல் இருக்குமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள் நம்முடையது. சாப்பாட்டில் ஒரு சிட்டிகை பயமில்லை. ஆனால் மருந்தாகத் தேக்கரண்டிக் கணக்கில், மிளகும் எண்ணெயும் சேர்த்துக் கொடுக்கும்போது கதை வேறு. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் எளிதில் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் சேரும். எப்படிச் சேர்கிறது? கல்லீரல் அதை வெளியேற்றுவதைப் பைப்பரின் தடுப்பதால். அந்தத் தடை மற்ற மருந்துகளுக்கும் பொருந்தும். வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன் சாப்பிடும் நாய்க்கு மிளகு-மஞ்சள் உருண்டை கொடுத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறித் தள்ளாடலாம். மேலும் மஞ்சள் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அதில் ஆக்சலேட்டும் அதிகம். மூத்திரக் கல் வந்த நாய், அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாய், வலி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் ப்ரூனோ, மூவருக்கும் வேண்டாம்.

மூலிகை வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை, அது புரிந்திருக்கும். வேலை செய்கிற மூலிகை என்றால் அதுவும் மருந்துதான்; மருந்துக்குள்ள எல்லா வம்பும் அதற்கும் உண்டு. ஹோமியோபதி உருண்டைகள் பற்றியும் கேட்பார்கள். அதனால் கெடுதல் இல்லை, பலன் இருப்பதாக நல்ல ஆய்வு எதுவும் காட்டவும் இல்லை. அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

பொடியால் நன்றாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. மூட்டுவலி ஏறி இறங்கும் வியாதி. மார்கழிப் பனியில் நாய் எழவே மாட்டேன் என்கிறது, அப்போது பொடி வாங்குகிறோம். மாசி வெயிலில் தானாக நடக்கிறது, பேர் பொடிக்குப் போகிறது. 2012-ல் வெளிவந்த ஆய்வொன்றில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த நாய்களின் காலழுத்தத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். கருவியில் முன்னேற்றம் இல்லை. வளர்த்தவர்கள் பத்துக்கு நாலு தடவை ‘தேவலை’ என்று சொன்னார்கள். பரிசோதித்த கால்நடை மருத்துவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏமாந்தார்கள். ஆகவே கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வாரம் ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்தில் ப்ரூனோ நடப்பதையும் படுத்து எழுவதையும் செல்போனில் பிடித்து வையுங்கள். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

இனி நாளைக் காலை தொடங்க வேண்டியது. முதலாவது எடை. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் மூட்டுக்கு இதைவிட நல்ல மருந்து இன்னும் வரவில்லை. 48 லேப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி வைத்து ஆயுள் முழுக்கப் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்டதும் தாமதமாகத்தான். பருத்த நாய்க்கு உடல் எடையில் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டல் குறைவதாக வேறோர் ஆய்வு காட்டியது. ப்ரூனோவுக்கு அது 2.3 கிலோ. கிட்னி சீக்கு இருப்பதால் பட்டினி போடக் கூடாது, சதை கரைந்துவிடும். மெல்ல, வாரம் 300, 400 கிராமுக்கு மேல் குறையாமல், டாக்டர் சொல்லும் அளவில். வருகிறவர் போகிறவர் கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

பாக்கெட் உணவு கட்டுப்படியாகவில்லை அல்லது நாய் தொடவில்லை என்றால் வீட்டுச் சாப்பாட்டுக்கு வழி உண்டு, ஆனால் கணக்கு டாக்டர் போட வேண்டும். சோறு, பரங்கிக்காய், கொஞ்சம் கறி. கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பாஸ்பரஸ் குறையும். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? வெள்ளைக் கரு நல்ல புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. மஞ்சள் கருவில் அது அதிகம், அதை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். மீன் எண்ணெய் மூட்டுக்கும் கிட்னிக்கும் இரண்டுக்கும் ஆதாரமுள்ளது, டாக்டரிடம் அளவு கேட்டுக் கேப்சூலாகக் கொடுங்கள். உக்கடம் மார்க்கெட்டிலிருந்து மத்தி மீனாகவே கொடுத்தால் பாஸ்பரசும் கூட வரும். காட் லிவர் ஆயில் வேறு சரக்கு, அது வேண்டாம். ஆளிவிதையை நாயின் உடம்பு அவ்வளவாக மாற்றிக்கொள்ளாது.

இரண்டாவது தரை. வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் கண்ணாடி போல் டைல்ஸ் போட்டுவிடுகிறோம். மூட்டு தேய்ந்த நாய்க்கு அதில் எழுவதே சித்திரவதை. பின்னங்கால் இரண்டும் அகன்று வழுக்கி, முன்னங்காலால் உடம்பை இழுத்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் நடக்கும், கவனித்துப் பாருங்கள். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை, அங்கிருந்து வாசல் வரை தென்னை நார் விரிப்புப் போடுங்கள். பாதத்து ரோமத்தையும் நகத்தையும் வெட்டி விடுங்கள்.

மூன்றாவது ஒத்தடம். தவிட்டை வறுத்துத் துணியில் மூட்டை கட்டி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பொறுக்கிறதா பார்த்து, இடுப்பு மூட்டில் பத்து நிமிஷம், காலையும் பொழுதோடவும். பிறகு தொடைச் சதையை உள்ளங்கையால் நிதானமாக நீவி விடுவது. இந்த வேலையை மாமனாரிடமே ஒப்படைக்கலாம். நாட்டு வைத்தியத்தில் அவருக்குள்ள பற்று இங்கே முழுசாகப் பலன் தரும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். பொடியைப் பாக்கெட்டோடு எடுத்துப் போங்கள், வைத்தியர் பெயர் எழுதிய சீட்டு இருந்தால் அதையும். ஒரே மூலிகை, பெயர் தெரிந்தது, முத்திரையுள்ள கம்பெனிச் சரக்கு என்றால் ஒப்புக்கொள்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள்.

நீச்சல் நல்லதுதான். ஆனால் கீழ்பவானி வாய்க்காலில் இறக்காதீர்கள். தண்ணீர் விடுகிற காலத்து இழுப்பு, கிழட்டு நாய் கரையேற முடியாது. தோட்டத்துத் தொட்டியில், மார்புப் பட்டை போட்டுப் பிடித்துக்கொண்டு, சில நிமிஷம் போதும். ஊசிக்குத்து வைத்தியமான அக்குபஞ்சருக்கு மிதமான ஆதாரம் உண்டு, பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் கிடைத்தால் மட்டும். மனிதர்களுக்குப் பார்க்கிறவரிடம் கொண்டு போகாதீர்கள். 1984-ம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குக்கு வைத்தியம் பார்க்கலாம்.

வேறு சீக்குகளைப் பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து இரண்டு வரி. சர்க்கரை வந்த நாய்க்கு இன்சுலின் ஊசி தவிர வழியில்லை. சிறுகுறிஞ்சான், பாகற்காய் அதற்கு ஈடாகாது, ஊசியோடு சேர்த்தால் சர்க்கரை திடீரென இறங்கவும் கூடும். சொறிக்கு வேப்பிலை கொதித்து ஆறிய தண்ணீரில் குளிப்பாட்டலாம், ஆனால் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசுகிற கொடுமையைத் தயவுசெய்து விடுங்கள். பூனை வளர்ப்பவர்கள் நாய்க்குச் சொன்ன எதையும் பூனைக்குச் செய்யாதீர்கள்: அதன் கல்லீரலுக்குப் பல பொருட்களை முறிக்கும் திறன் கிடையாது. ஒரே பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும். நீலகிரித் தைலம், கற்பூரம் பூசினால் நக்கியே விஷமாகும்.

ப்ரூனோவுக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் வைத்தீர்கள், எவ்வளவு மிச்சம் என்று அளந்து குறித்து வையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது நாளுக்கு 3.8 லிட்டரைத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்து வந்தாலோ, வாந்தியில் காப்பித்தூள் போல் எதுவும் தெரிந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலோ அடுத்த வேளை வலி மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.